இல்லாத தாளுக்கு ஒரு தீர்மானம்

நான் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையில் உறுப்பினரானது எப்படி என்று இன்றைக்கு யாராவது கேட்டால், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அரியலூர் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாக இருந்தேன். வீடு குரும்பலூரில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருவேன். ஒரு நாள் மதிய இடைவேளையில் எங்கள் பள்ளித் தமிழய்யா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சர், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பட்டதாரித் தொகுதிக்கு நம்ம சங்கத்துல ஒரு லேடீஸ் பேரு வேணுமாம்."

"நான் எதுக்குங்கய்யா? எனக்கு அதப்பத்தி ஒண்ணுமே தெரியாதே."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பேரு மட்டுந்தான். கடைசி நாள்ல வாபஸ் வாங்கிடலாம்."

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பேரவைக்கு அனுப்பலாம் என்று ஒரு விதி இருந்தது. நான் எப்போதோ பதிவு செய்திருந்தேன். அதற்கும் தமிழய்யாதான் படிவம் கொடுத்திருந்தார். வாபஸ் வாங்க வேண்டிய நாளில் அவருக்கு அம்மை போட்டிருந்தது. அவர் பள்ளிக்கு வரவில்லை. எங்கே போய் யாரிடம் வாபஸ் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை எதிர்த்து நின்றவர்களெல்லாம் அவரவர் பேச்சுவார்த்தைப்படி விலகிக்கொண்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்து, நான் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பதிவுத் தபால் வந்தது.

தலைமையாசிரியை அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "சந்தோஷம் டீச்சர். ஆனா கூட்டத்துக்குப் போற அன்னிக்கு உங்களுக்கு என்ன போடறது? லீவா, மாற்றுப்பணியா?" என்றார். அதைக் கேட்டு மேலே எழுதினோம். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்திருந்த சமயம் அது. எங்கள் பள்ளிக் கோப்புகளில் எது எந்த ஊர் ஆபீஸில் இருக்கிறது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அந்தக் கடிதத்துக்கு நான் உறுப்பினராக இருந்த மூன்று வருஷத்திலும் பதில் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பேரவை உறுப்பினர் ஆன செய்தி ஊரில் எப்படிப் பரவியதோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உட்காரச் சொன்னதும் உட்காராமல் ஃபைலைத் திறந்துவிட்டாள்.

"டீச்சர், யுனிவர்சிட்டியில நீங்க மெம்பராமே. என் கேஸக் கொஞ்சம் பாருங்க."

அவள் பி.எஸ்ஸி. படித்தவள். மூன்றாம் வருஷம் முடிக்கும்போது எல்லாத் தாளும் பாஸ். இரண்டாம் வருஷத்துப் புள்ளியியல் துணைப்பாடம் மட்டும் அரியர். அந்த மாதமே கல்யாணம். கணவரோடு சவூதிக்குப் போய்விட்டாள். பிள்ளைகளின் படிப்புக்காக இப்போது ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். அவர்கள் ஊரில் புதிதாகத் தொடங்கிய மெட்ரிகுலேஷன் பள்ளியில் பட்டம் இருந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு தாளை எழுதிவிடலாம் என்று விண்ணப்பம் போட்டால், 'இப்பாடக் குறியீடு நடைமுறையில் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது.

"பாடத்திட்டம் மாறிடுச்சாம் டீச்சர். அந்தத் தாளே இப்ப இல்லையாம். காலேஜ்ல கேட்டா யுனிவர்சிட்டிய கேளுங்கறாங்க. யுனிவர்சிட்டியில கேட்டா, பழைய தாளுக்குப் பதிலா எந்தத் தாளு எழுதணும்னு காலேஜ்லேருந்து எழுதி வாங்கிட்டு வாங்கறாங்க. காலேஜ்ல, அத நாங்க எப்படிச் சொல்றது, பாடத்திட்டக் குழுதான் சொல்லணும்கறாங்க. பாடத்திட்டக் குழு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. நான் பாஸுமில்ல, பெயிலுமில்ல. இல்லாத பாடத்துல எப்படி பெயிலாவேன், நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் என்னைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வந்தவளிடம் எப்படி அதைச் சொல்வது? "கேட்டுப் பாக்கறேம்மா" என்றேன். அவள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயந்திரம், பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பியிருந்த சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்து நானும் கணவரும் உட்கார்ந்தோம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். சட்டம், துணைவிதி என்றால் பயப்படாதவர். அவரே அரை மணி நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதுல மூணு சபை இருக்குடி. உன்னோட பேரவை பெருசு. ஆனா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவதான் கூடும். ஆட்சிக்குழுன்னு ஒண்ணு இருக்கு, அது சின்னது. நிர்வாகமெல்லாம் அதுங்கிட்ட. கல்விப் பேரவைன்னு இன்னொண்ணு. பாடம், பரீட்சையெல்லாம் அதுங்கிட்ட."

"அப்ப இந்தப் பொண்ணு விஷயம் யாருகிட்ட?"

அவர் மூன்று பக்கத்தைப் புரட்டினார். "மூணு பேருகிட்டயும் இருக்கு. ஒருத்தருகிட்டயும் இல்ல."

கூட்டத்தில் கேள்வி கேட்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். எழுதினேன். நாலு தரம் அடித்துத் திருத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூட்டத்தன்று போய் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் என் கேள்வி அதில் இல்லை. விசாரித்தபோது, கெடு முடிந்து வந்ததாகச் சொன்னார்கள். கூட்ட அறிவிப்பே கெடு முடிந்த மறுநாள்தான் என் கைக்கு வந்தது என்றேன். "அறிவிப்பு அனுப்பின தேதிதாம்மா கணக்கு, கிடைச்ச தேதி இல்ல" என்றார் அங்கிருந்த அலுவலர். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலை சுற்றியது.

அடுத்த கூட்டத்துக்கு, அறிவிப்பு வருவதற்கு முன்பே கேள்வியை அனுப்பிவைத்தேன். இந்தத் தடவை அச்சில் வந்திருந்தது. அதன் கீழேயே பதிலும் இருந்தது: 'இப்பொருள் ஆட்சிப் பேரவையின் வரம்புக்கு உட்பட்டதன்று.' அவ்வளவுதான். ஒரு துணைக்கேள்வி கேட்க எனக்கு அனுமதி உண்டு என்று மேடையிலிருந்து சொன்னார்கள். எழுந்து நின்றேன். அத்தனை பெரிய மண்டபத்தில் மைக்கில் என் குரலை நானே கேட்டது அதுதான் முதல் தரம்.

"அப்படீன்னா எந்த அவையோட வரம்புக்கு உட்பட்டது?"

"கல்விப் பேரவை."

"அங்க இதை யார் எடுத்துட்டுப் போவாங்க?"

"ஒரு துணைக்கேள்விக்குத்தான் அனுமதி. உக்காருங்க."

யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்தேன். வீணாகப் போனது எந்தக் கேள்வி, முதலாவதா இரண்டாவதா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில், அதற்குப் பிறகு கூட்டத்தில் நடந்த எதுவும் காதில் விழவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்திருந்த வக்கீல் ஒருவர். அவரும் பட்டதாரித் தொகுதிதான். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சொன்னார்: "கேள்வியெல்லாம் கேட்டா வேலைக்கு ஆவாதுங்க. தீர்மானம் கொண்டாங்க. பாடத்திட்டம் மாறுனதால நிக்கிற பிள்ளைங்களுக்கு மாத்துத் தாள் எழுத ஒரு வாய்ப்புக் குடுக்கணும்னு பேரவை பரிந்துரை பண்ணலாம். பரிந்துரை பண்ணக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல."

தீர்மானத்தை அவரே எழுதிக் கொடுத்தார். நான் முன்மொழிய, அவர் வழிமொழிய வேண்டும் என்று ஏற்பாடு. லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணுக்குக் கடிதம் போட்டேன். அவள் போனில் அழைத்து, "எல்லாரும் துஆ செய்யறோம் டீச்சர்" என்றாள். வேண்டிக்கொள்ளும் எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்கப் பயமாயிருந்தது.

அந்தக் கூட்டம் நடந்த அன்று காலையிலிருந்தே கூச்சல். வேறு ஏதோ கல்லூரி விவகாரம். என் தீர்மானம் வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எழுதிவைத்ததைப் படித்தேன். வக்கீல் வழிமொழிந்தார். உடனே முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஒரு திருத்தம் என்றார். இன்னொருவர் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்றார். மேடையில் மூன்று பேர் குனிந்து பேசிக்கொண்டார்கள். பிறகு, "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்று அறிவித்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். என் தீர்மானத்துக்கு நானே கை தூக்காமல் வேறு யார் தூக்குவார்கள்? உயரமாகவே தூக்கினேன். பக்கத்தில் வக்கீல் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். நான் விடவில்லை. எண்ணி முடித்தார்கள். ஏற்கப்பட்டது என்றார்கள். முன்வரிசையில் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"என்னங்க பண்ணிட்டீங்க!" என்றார் வக்கீல். "ஓட்டுக்கு விட்டது உங்க தீர்மானத்த இல்ல. திருத்தத்த. வாய்ப்புக் குடுக்கணும்ங்கறத எடுத்துட்டு, ஒரு குழு போட்டு ஆராயலாம்னு மாத்திட்டாங்க. அதுக்குத்தான் கை தூக்கியிருக்கீங்க."

"அப்ப என் தீர்மானம்?"

"இப்ப அதுதான் உங்க தீர்மானம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழவேண்டும் போலிருந்தது. ஆனால் எதற்கு அழுகிறோம் என்பது தெளிவாக இல்லாததால் அழுகை வரவில்லை. என் கையும் சேர்ந்துதானே அவளைக் குழுவிடம் தள்ளிவிட்டது? என் ஒரு கை இல்லாவிட்டாலும் அது நிறைவேறியிருக்கும் என்று வக்கீல் சொன்னார். அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு வரச் சொல்லி, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்களே கை தூக்குனீங்களா டீச்சர்?"

"ஆமாம்மா. தெரியாமத் தூக்கிட்டேன்."

"மெம்பருக்கே தெரியலேன்னா..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. "எங்க நசீபு அப்படி. நீங்க என்ன செய்வீங்க" என்று எழுந்துகொண்டாள். அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

அந்தக் குழு கூடியதா என்று எனக்குத் தகவல் வரவில்லை. இரண்டு தரம் எழுதிக் கேட்டேன். 'தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று இரண்டு தரமும் ஒரே பதில். அது எந்தப் பிரிவு என்று எதிலும் இல்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு தண்டின் குறுக்குவெட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆய்வக வாசலில் அவள் வந்து நின்றாள். ஓடிவந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது.

"டீச்சர், லெட்டர் வந்துருச்சு! மாத்துத் தாள் எழுதலாமாம். நீங்க சாதிச்சுட்டீங்க!"

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பழைய புள்ளியியல் தாளுக்குப் பதிலாகப் புதிய பாடத்திட்டத்தில் இன்ன தாளை எழுத அனுமதிக்கப்படுகிறது என்று தெளிவாக இருந்தது. ஆட்சிக்குழுவின் தீர்மானத்தின்படி என்று எழுதி, அந்தத் தீர்மானத்தின் தேதியும் போட்டிருந்தார்கள். தேதியை மறுபடி பார்த்தேன். என் தீர்மானம் பேரவைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தைய தேதி. மண்டபத்தில் நான் எழுந்து நின்று துணைக்கேள்வி கேட்டதற்கும் முந்தையது.

"இது நான் செஞ்சது இல்லம்மா" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறையில் பல்கலைக்கழகத்துக்கு நேராகவே போனேன். பிரிவு பிரிவாக ஏறி இறங்கி, கடைசியில் அந்தக் கடிதத்தைத் தயாரித்த கண்காணிப்பாளரைக் கண்டுபிடித்தேன். பொறுமையான மனிதர். கோப்பையே எடுத்துக் காட்டினார். வேறு ஒரு கல்லூரி கேட்டதன்பேரில், பழைய பாடத்திட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஆட்சிக்குழு எப்போதோ அனுமதி கொடுத்திருக்கிறது. கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கையும் போயிருக்கிறது.

"அந்தப் பொண்ணு படிச்ச காலேஜுக்கு வரலைங்கறாங்களே?"

"போயிருக்குங்க. வந்துச்சான்னு எங்களுக்குத் தெரியாது."

"அப்படீன்னா பேரவையில எனக்கு ஏன் அந்தப் பதில் குடுத்தாங்க? அனுமதி குடுத்தாச்சுன்னு ஒரு வரி சொல்லியிருந்தாப் போதுமே?"

"நீங்க கேட்டது, பேரவை இதுல முடிவெடுக்குமான்னுங்கம்மா. எடுக்காது. பதில் சரிதான்."

நான் கேட்டது அதுதானா? எழுதிய கேள்வியின் நகல் என்னிடம் இருந்தது. படித்துப் பார்த்தேன். அப்படியும் படிக்கலாம்போலத்தான் இருந்தது.

"சரிங்க, இப்ப மட்டும் அந்தப் பொண்ணுக்குத் தனியா லெட்டர் எப்படிப் போச்சு? நான் எழுதுனதாலயா?"

அவர் கோப்பைப் பின்னாலிருந்து புரட்டினார். அதில் என் கேள்வி இருந்தது. என் கடிதங்கள் இரண்டும் இருந்தன. அந்தப் பெண்ணின் விண்ணப்பங்கள் ஐந்தோ ஆறோ இருந்தன. சவூதியிலிருந்து அவள் கணவர் எழுதிய ஒரு கடிதமும் இருந்தது. அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதில்லை.

"இதுல எதனாலன்னு சொல்ல முடியலைங்கம்மா. நான் இந்த சீட்டுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. கோப்பு மேசையில இருந்துச்சு, உத்தரவும் இருந்துச்சு, போட்டுட்டேன்."

அவள் பரீட்சை எழுதினாள். புதிய தாளில் பாதிக்கு மேல் அவள் கேள்விப்பட்டிராத பாடம். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதி, நாற்பத்தொரு மார்க் வாங்கினாள். நாற்பது எடுத்தால் பாஸ். பட்டம் தபாலில் வந்தது. அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சேர்ந்தாள். என் பதவிக்காலமும் அந்த வருஷத்தோடு முடிந்தது. மறுபடி நிற்கிறீர்களா என்று தமிழய்யா கேட்டார். இந்தத் தடவை படிவத்தில் கை வைக்கவில்லை.

பெருநாள் கழிந்த ஒரு ஞாயிறன்று அவள் எங்களை லப்பைக்குடிக்காட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கணவர் விடுமுறையில் வந்திருந்தார். பிரியாணி போதும் போதும் என்றாலும் விடவில்லை. அவள் மாமியார் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நீங்கதான் யுனிவர்சிட்டியாம்மா?"

தெரியலைங்க என்று சொன்னால் நன்றாக இருக்காதே என்று, "ஆமாங்க" என்றேன்.