சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு சுவர்

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில், வழக்கம்போல் இடது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. சுவர் விளம்பரங்கள் எல்லாமே நின்று பார்ப்பவனுக்காக எழுதியவை. பஸ்ஸில் வருகிறவனுக்குக் கிட்டத்தில் இருக்கும் முதல் எழுத்து தெரியும். கடைசி எழுத்துகள் நசுங்கிப்போயிருக்கும். தூரம் போகப் போக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால்? வருகிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியுமே! எழுந்தே நின்றுவிட்டேன். ஸ்டாப்பிங் வந்துவிட்டதென்று நினைத்துப் பக்கத்து ஆள் காலை மடக்கி வழிவிட்டார்.

1991. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல், கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். அதே பஸ் ரூட்டில் இருக்கும் பென்னலூரில் ஒரு டயர் கடை முதலாளி, மெயின் ரோட்டோரம் இருந்த தன் நீளமான சுவரைக் கொடுத்தார். நான் தனியாகப் பிடித்த முதல் சுவர். சரியாக வந்தால் அந்த ரோட்டில் மற்ற சுவர்களும் வரும். வராவிட்டால், அப்பா சொன்ன கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. சோறு சாப்பிட்டுவிட்டு பிரஷ்ஷைத் தொட மாட்டேன், டீ மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் கை கோணும். பாதியில் இருக்கும் வேலையை ஒருவர் கண்ணிலும் காட்ட மாட்டேன். அதனால் சவுக்குக் கழி நட்டு, சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, சுவர் முழுக்கத் திரை கட்டினேன்.

எதிர் டீக்கடையில் பழைய பெயிண்டர் ஒருவர் தினமும் உட்கார்ந்திருப்பார்.

“இன்னா தம்பி, செவுரு வயசுக்கு வந்துடுச்சா? மறைப்பு கட்டி குந்த வெச்சிக்கினு கீற?”

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐடியாவைத் திருடத்தான் இந்த ஆள் நாள் முழுக்க டீ குடிக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். சாக்பீஸ் கோடுகளைக்கூடச் சாயங்காலம் அழித்துவிட்டுத்தான் கிளம்புவேன். விடிந்ததும் திரையைச் சுருட்டிவிட்டு, முந்தின ஸ்டாப்புக்கு ஓடி, அங்கிருந்து பஸ் ஏறிச் சுவரைப் பார்ப்பேன். இறங்கி வந்து திரையை மறுபடி இறக்கிவிடுவேன்.

“டெய்லி ஒரே ஸ்டாப்புக்கு டிக்கெட். ரோட்ட அளக்கிறியா நீ?” என்றார் கண்டக்டர். அவர் மேலும் சந்தேகம் வந்தது.

என் மேல் யாருக்கும் சந்தேகம் வரலாம் என்றுதான் தோன்றவே இல்லை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, ஊரெல்லாம் போலீஸாக இருந்த நேரம். குன்றத்தூரில் ஒண்டுக் குடித்தனம் கேட்டாலே தாத்தா ஊர் வரை விசாரித்தார்கள். நானோ ரோட்டோரம் சாக்கு கட்டி உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் காலை கான்ஸ்டபிள் ஒருவர் வந்து திரையைப் பிடுங்கிப் போட்டார். பக்கத்தில் நின்று பார்க்க, முதல் எழுத்து உள்ளங்கை அளவு. கடைசி எழுத்து ஆள் உயரம்.

“இன்னாய்யா இது, எந்த பாஷை?”

“தமிழ்தான் சார். டயர் விளம்பரம்.”

“எங்க கீது டயரு? யாருக்கு சிக்னல் குடுக்கற?”

எனக்கு டீக்கடைப் பக்கம்தான் கோபம் பாய்ந்தது. “நீங்கதானே சொன்னது?” என்று பெயிண்டரைப் பார்த்துக் கத்தினேன்.

“அவர ஏம்பா இழுக்கற? நான்தான் சொன்னேன்,” என்றார் முதலாளி, கடை வாசலிலிருந்து. “செவுரு என்னுது. உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கே காட்ட மாட்டேன்ற. நாளிக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னத்தான புடிப்பாங்க?”

“வண்டியில வந்து பாருங்க சார், தெரியும்,” என்று கான்ஸ்டபிளிடம் கெஞ்சினேன். முதலாளி டெம்போவை எடுத்தார். பூந்தமல்லிப் பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தோம். கான்ஸ்டபிள் தலையை வெளியே நீட்டி, எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார்: “பழைய டயர் வாங்க, விற்க!” சின்னப் பிள்ளை மாதிரி என் தொடையில் தட்டினார்.

முதலாளி வண்டியை நிறுத்தவில்லை. கடையைத் தாண்டிப் போய், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து திருப்பி வந்தார்.

“இப்ப படி.”

படிக்க முடியவில்லை. கடைசி எழுத்து யானை மாதிரி முன்னால் நின்றது. முதல் எழுத்து எங்கே போனதென்றே தெரியவில்லை. அத்தனை நாளில் இந்தப் பக்கமிருந்து நான் பார்த்ததே இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திரும்பும்போதும் இடது ஜன்னல்தான் எனக்கு. சுவர் வலது பக்கம் போய்விடும்.

“பெங்களூருலேந்து வர்ற லாரிங்கதாம்பா எனக்கு கிராக்கி,” என்றார், கடை வாசலில் வண்டியை நிறுத்தி. “ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன். இல்லன்னா, சுண்ணாம்பு அடிச்சிட்டு டீக்கடைல கீறாரே, அவராண்ட குடுத்துடுவேன்.” பெயிண்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

இரண்டு வரியாக எழுதப்போகிறேன். மேல் வரி பூந்தமல்லியிலிருந்து வருகிறவனுக்கு. போகப் போகப் பெரிதாகும். கீழ் வரி லாரிக்காரனுக்கு. அது போகப் போகச் சிறிதாகும். மேலே அகலமாகும் இடத்தில் கீழே குறுகும், ஆக இரண்டும் ஒரே சுவரில் அடங்கிவிடும் என்றுதான் கணக்கு சொல்கிறது. நாளைக் காலை சாக்கு இல்லாமல், எல்லோரும் பார்க்க, இரண்டு வரிக்கும் நடுவில் சாய்வாக ஓடும் குறுக்குக் கோட்டை முதலில் போட வேண்டும்; அப்புறம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் பஸ்ஸில் வலது ஜன்னலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.