கீழே போடக் கூடாத தோசை

போன வருஷம் மாசி மாதக் கடைசி. எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்காக, அழகர்கோவில் மலையை ஒட்டிய காட்டுக்குள் இருக்கும் ஒரு வில்லாவில் ஒரு நாள் தங்கலாம் என்று என் கணவர் ஏற்பாடு செய்திருந்தார். மதுரை கே.கே. நகரிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற இடத்துக்கு யாராவது பெட்டி கட்டிக்கொண்டு போவார்களா என்று வழியெல்லாம் அவரைக் கேலி செய்துகொண்டே போனேன். பின் சீட்டில் எங்கள் ஆறு வயது மகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

முதலில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். அழகரைப் பார்த்துவிட்டுத் தோசை வாங்காமல் மதுரைக்காரர் யாராவது திரும்புவார்களா? அங்கே பிரசாதமே அதுதான், மிளகும் இஞ்சியும் போட்டு, நெய்யில் வெந்த கனத்த தோசை. வாழை இலையில் சுற்றி என் துணிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வில்லாவின் வாசலில் அங்கே வேலை செய்கிற ஒரு பெண் எங்களை நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். "அக்கா, சாப்பாட்டுச் சாமான் ஏதும் வச்சிருக்கீகளா? இங்கயே குடுத்துருங்க. உள்ள கொண்டு போனா குரங்கு வந்துரும்" என்றார். வாழைப்பழத்தையும் சிப்ஸ் பாக்கெட்டையும் மகளின் பிஸ்கட்டையும் எடுத்துக் கொடுத்தேன். "வேற ஒண்ணுமில்ல" என்றேன். பொய் சொல்லவில்லை. பிரசாதத்தைச் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் யாருமே நினைத்ததில்லை. அது சாமி சமாச்சாரம். அந்தத் தோசை தோளில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மனதார இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அறையைப் பார்த்ததும் என் கேலி அடங்கிவிட்டது. சுவர் முழுக்க மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துக் கையாலேயே பூசியிருந்தார்கள். தடவினால் விரல் பதிந்த இடம் தெரிந்தது. கட்டில், அலமாரி, ஜன்னலின் மரக்கம்பி வரைக்கும் அத்தனையும் கைவேலை. பழைய காலத்து இரட்டைத் தேக்குக் கதவு. அதன் உள்பக்கம் ஒரு மரத்தாழ். தள்ளினால் சுவரிலிருந்த துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குளியலறைக்குக் கூரையே கிடையாது. மேலே வானம், ஓரத்தில் ஒரு வேப்ப மரம். அதற்கும் அறைக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான். "இம்புட்டுக் காசு வாங்கிட்டு ஒரு கூரை போட மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அதுதான்டி லக்சுரி" என்றார் அவர்.

தோசையைச் சுத்தமான இடத்தில் வைக்க வேண்டுமே. கட்டில் மேல் வைக்கக் கூடாது, தரையில் வைக்கவே கூடாது. சுவரில் ஒரு மாடம் இருந்தது. இலையோடு அதில் வைத்தேன். பிறகு நானும் அவரும் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். மகள் உள்ளே அந்தத் தாழைத் தள்ளி இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். டக், டக் என்ற சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பெரிதாக நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. வேறு ஏதோ தொப்பென்று விழுகிற சத்தம். "ம்மா" என்று ஒரு குரல். அலறல் இல்லை, மெதுவாகத்தான் கூப்பிட்டாள். காப்பியை வைத்துவிட்டு எழுந்து ஓடினேன்.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை, உள்ளே தாழ் விழுந்திருந்தது. ஜன்னலுக்கு ஓடினேன். அறை நடுவில் என் பிள்ளை நிற்கிறாள். மூங்கில் தட்டி சாய்ந்து கிடக்கிறது. அவளுக்கு முன்னால் நான்கைந்து குரங்குகள். ஒன்று பெரிய ஆண் குரங்கு, கடுவன், அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அவள் இரண்டு கையாலும் தோசையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். குரங்கு வந்ததும் சாமி பிரசாதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஸ்டூலில் ஏறி எடுத்திருக்கிறாள், பாவம்.

என் கணவர் தோளால் கதவை இடித்தார். தேக்கு அசையவே இல்லை. "நான் பின்னாடி செவுரு ஏறி வாரேன், நீ அவகிட்ட பேசிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினார். சத்தம் கேட்டு, வாசலில் எங்களை நிறுத்திய அந்தப் பெண்ணும் ஓடி வந்தார். உள்ளே பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. "தாயி, ஓடாத. கையில இருக்கிறதப் போட்ரு" என்றார்.

"போட்ரு பாப்பா, கீழ போட்ரு" என்று நானும் கத்தினேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, கை மட்டும் விடவில்லை. "கீழ போட்டா பாவம்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். ஒரு தடவையா இரண்டு தடவையா? சர்க்கரைப் பொங்கல் ஒரு பருக்கை சிந்தினால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த பிள்ளை. கடுவன் பல்லைக் காட்டி உறுமியது. ஒரு கையால் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தது.

"அப்ப கட்டில் மேல வை பாப்பா, கட்டில்ல வை."

"அங்கயும் வைக்கக் கூடாதும்மா."

கத்தினால் குரங்கு பாயும், கெஞ்சினால் இவள் கேட்க மாட்டாள். பின்சுவரில் அவர் ஏறிச் சறுக்குகிற சத்தம் கேட்டது. மரக்கம்பியில் முகத்தை வைத்து, வீட்டில் வீட்டுப்பாடம் சொல்லித் தருகிற குரலில் பேசினேன்.

"பாப்பா, அம்மாவைப் பாரு. அம்மா சொல்லித்தான் நீ கீழ போடுற. அந்தப் பாவம் அம்மாவுக்குத்தான். சாமி திட்டினா அம்மாவைத் திட்டட்டும். போடு தங்கம்."

என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து, எறியாமல், அந்தத் தோசையை இலையோடு மெதுவாகத் தரையில் வைத்தாள். அந்த நேரத்திலும் வைத்தாளே தவிரப் போடவில்லை.

கடுவன் லபக்கென்று அள்ளிக்கொண்டு சுவர் மேல் தாவியது. மற்றவை பின்னாலேயே ஓடின. ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அவள் விரலில் நெய் வாசம். கிட்டே வந்து முகர்ந்து பார்த்தது. "கைய விரிச்சுக் காமி தாயி, ஒண்ணுமில்லன்னு காமி" என்றார் அந்தப் பெண், மூச்சுவிடாமல். அவள் இரண்டு கையையும் விரித்தாள். அது உள்ளங்கையைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அதே நேரம் என் கணவர் குளியலறைக்குள் குதித்தார். முழங்கால் கிழிந்து ரத்தம். பிள்ளையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் தாழை இழுத்தார்.

அவளை வாங்கி உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். பாவாடை கிழிந்திருந்தது, தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். பிரசாதத்தைப் பற்றி நான் சொன்னதும், "நானும் அதச் சாப்பாடுன்னு சொல்லியிருக்க மாட்டேன்க்கா" என்றார்.

அன்று நாங்கள் அங்கே தங்கவில்லை. கிளம்பும் முன் குழாயடியில் மகளின் கையைக் கழுவிவிட்டேன். சோப்பு நுரைக்கு நடுவில் கேட்டாள். "ம்மா, சாமி உன்னைய நெசமாவே திட்டுமா?"

"திட்டினா வாங்கிக்கிறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "திட்டாது. நான் சொல்லிக்கிறேன், எனக்காகத்தான் நீ சொன்னன்னு."

அங்கேயே, குழாயடியில், ஓவென்று அழுதேன்.

இப்போதும் அவளுக்கு எதையாவது செய்யக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தால் அந்த ஜன்னல் கம்பியின் அழுத்தம் கன்னத்தில் தெரிகிறது. உடனே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், "ஆனா உனக்கு ஆபத்துன்னா சாமி குடுத்ததையும் கீழ போட்ரு பாப்பா, உன்னைவிட எதுவும் பெருசில்ல" என்று.