பூச்சி தின்னும் செடியின் முதல் பூ

பட்டர்வோர்ட் என்று ஒரு செடி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். இலைகள் வட்டமாக, தரையோடு ஒட்டி அடுக்கியிருக்கும். தொட்டால் வெண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுக்கும். சின்னக் கொசு வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். செடி அதை மெல்லக் கரைத்துத் தின்றுவிடும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் சென்னையில் ஒரு செடிக் கண்காட்சியில் அடம்பிடித்து அதை வாங்கினாள். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அதைப் பூக்க வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் ஐப்பசி மழையை மொட்டைமாடியில் குடம் வைத்துப் பிடித்து, அந்தச் செடிக்கென்று மூடி வைத்தாள். நெல்லுக்குப் போடும் உரத்தில் ஒரு சிட்டிகை போடலாமே என்றேன்.

"நைனா, அத்த போட்டா வேர் கருகிடும். நீ சும்மா கீறியா?" என்றாள்.

தொட்டி கூடத்து ஜன்னலில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நல்ல வெளிச்சம். அப்படியும் மார்கழி வரை பூக்கவில்லை. இலைகளும் சிறுத்துக்கொண்டே வந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வயலிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். வீட்டைத் துடைத்து முடித்த என் மனைவி, ஈரத்துணியால் அந்தச் செடியை ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாராவாரம் அப்படித்தானாம். பள்ளிக்குக் கிளம்பிய மகளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"யம்மா! இன்னா பண்ணிக்கினு கீற?"

"செத்த கொசு ஒட்டிக்கினு கீது. சாமி பக்கத்துல அசிங்கமா இல்ல?"

"அதாம்மா அதுக்கு சோறு! துன்ற தட்ட புடுங்கி கழுவி வச்சிட்டியே!"

"பூச்சி புடிக்கும்னுதானேடி சொன்ன? புடிச்சத தொடைக்கிறேன். துன்னும்னு எப்ப சொன்ன?"

மகள் விளக்கிச் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு, "கவுச்சி துன்றதுக்கு சாமி பக்கத்துல இன்னா வேல?" என்று என் மனைவி தொட்டியைத் தூக்கிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டாள்.

செடிக்கு அதுதான் நல்லதாகப் போயிற்று. காலை வெயில் அங்கேயும் வரும். வாழைப்பழத்தையும் புளித்த மாவையும் சுற்றும் சின்னப் பூச்சிகளுக்குக் குறைவில்லை. தை கழிவதற்குள் இலைகள் தடித்தன. மாசியில் நடுவிலிருந்து ஒரு காம்பு நீண்டு மொட்டு விட்டது.

இப்போது மகளுக்கு வேறு கவலை. எங்கள் வீட்டில் எந்தச் செடி பூத்தாலும் முதல் பூ சாமிக்குத்தான். விடிந்ததும் என் மனைவி கூடையோடு போய்ப் பறித்துவிடுவாள்.

மொட்டு விரிந்த காலையில் மகள் எழுந்ததும் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஊதா நிறத்தில் ஒரு பூ. என் மனைவி கூடையோடு வந்தாள்.

"யம்மா, ஒரே பூதாம்மா. பறிச்சிடாத."

"தள்ளுடி. கவுச்சி துன்ற செடி பூவ எவளாச்சும் சாமிக்கு வைப்பாளா?"

மகள் நகர்ந்தாள். என் மனைவி குனிந்து பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பு பற்றவைக்கும்போது, பூமேல் எண்ணெய் தெறிக்காதபடி வாணலியை ஜன்னலைவிட்டுத் தள்ளியிருந்த பர்னரில் வைத்தாள்.