தீக்குழாய்க்கு ஒரு டீ தேடி: மயிலாப்பூர், அடையாறு, தி.நகர்

தீயணைக்கும் குழாய் போடுகிறவர்கள் கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆனி மாதப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் மயிலாப்பூர் மண்டபத்தில் முகூர்த்தம். மாடியில் நானூறு பேர் சாப்பிட உட்காருவார்கள். நெருப்பு பிடித்தால் அவர்களுக்கு அந்தக் குழாய்த் தண்ணீர்தான் கதி.

கீழிருந்து ஏறும் நாலு அங்குலக் குழாயில், மாடிக்கு இரண்டரை அங்குலக் கிளை பிரியவேண்டும். அதற்கு டீ என்று மூன்று வாய் வைத்த இரும்புத் துண்டு உண்டு. ஃபிட்டர் மாசிலாமணி, "மெட்ராஸ்லயே ஸ்டாக் இல்லம்மா. பெரிய கொயாய்லயே ஓட்ட போட்டு, கிளைய வெல்டிங் அட்ச்சிட்டேன், ஸ்ட்ராங்கா கீது" என்றான். நான் அஞ்சாவது வரை படித்தவள்தான். அதற்காக இதையும் நம்புவேனா?

காலை ஒன்பதரைக்குக் குளத்தருகே பஸ். அடையாறு நாலு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். கடைக்காரர் வீட்டுக் குழாய்க்கான மெல்லிசு டீயை நீட்டினார்.

"நெருப்புக்குத் தாங்குமா?"

"வாங்கிட்டுப் போங்க பாட்டி, யாரு பாக்கப் போறா?"

பார்க்கத்தானே வெயிலில் வந்திருக்கிறேன்! (கடைப் பெயரைப் போட ஆசை. டைப் அடிக்கும் பேரன் வேண்டாம் என்கிறான்.)

தி.நகருக்கு ஆட்டோ, ஆறு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். மீட்டர் போடமாட்டாராம், அதற்கொரு சண்டை. பதினொன்றேகாலுக்கு உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் நுழைந்தால், அலமாரி நிறைய டீ! கனமானது, நாலுக்கு இரண்டரை, நானூற்று இருபது ரூபாய். மாசிலாமணி செய்துவைத்ததைச் சொன்னதும் கடைக்கார அம்மாள் கேட்டாள்: "ஓட்டை போட்டப்போ வெட்டின வட்டத் தகடு எங்கம்மா? உள்ள விழுந்திருந்தா, தண்ணி அடிக்கிறப்போ எங்கயாவது அடைச்சிக்கும்."

பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரும்பை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு மண்டபம் சேர்ந்தேன்.

"ஏம்ப்பா மாசிலாமணி, வெட்டின வட்டம் எங்கே?"

"இங்கதான் எங்கனா கீதும்மா."

"குழாயைக் கழற்று."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதும்மா."

"அப்படியானால் மாடியில் பந்தி கிடையாது. பெண் வீட்டாரிடம் நீயே போய்ச் சொல்."

கழற்றினான். அடி வளைவுக்குள் குறுக்கே நின்றிருந்தது, கருகிய விளிம்போடு ஒரு தகடு. நான் வாயைத் திறந்தேன்; அதை எழுத முடியாது.

வியாழன் மாலை டீயைப் பொருத்தி பம்ப் போட்டார்கள். மாடித் தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அறைந்தது.

முடிந்தவரை டீயே வாங்குங்கள், கனமானதாக. அடையாற்றை விட்டு நேரே தி.நகர் போங்கள். ஓட்டைதான் வழி என்றால், வெட்டின வட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு வெல்டிங்கைத் தொடவிடுங்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வட்டம் கைக்கு வரும்வரை மாடியில் இலை போடாதீர்கள்.