சுகந்தி ஏற்றுக்கொள்ளாத எண்

சுகந்தி காலமான செய்தி நிலாவெளி பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது தொலைபேசியில் வந்தது. இருக்க இடமில்லை. கம்பியைப் பிடித்தபடியே வீடு வந்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

துறைமுகப் பக்கத்து அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க் காலத்தில், காணாமல் போனவர்களின் குடும்பத்தினர் எங்களிடம் வந்து வாக்குமூலம் தந்தார்கள். யார் பிடித்துப் போனது, எங்கே கண்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். வேறு கையில் அகப்பட்டால் சொன்னவருக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொன்றையும் கணினியில் பூட்டி வைத்தோம். சாவி என்பது எவராலும் ஊகிக்க முடியாத மிகப் பெரிய எண். அதை உண்டாக்கும் நிரல் சுகந்தியின் பொறுப்பு.

எங்கள் நிரல் கணினியின் மணிக்கூடு காட்டும் நேரத்தை வைத்துத்தான் எண்ணை உண்டாக்கியது; அதே நேரம் வந்தால் அதே எண்தான். கணினியோ பழசு, உள்ளே இருந்த பற்றரி செத்துவிட்டது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மணிக்கூடு ஒரே பழைய திகதிக்குத் திரும்பிவிடும். ஒரு நாள், இரண்டு வாக்குமூலங்களுக்கு ஒரே எண் விழுந்திருப்பதைச் சுகந்தி கண்டார். இந்த விஷயம் தெரிந்தவன் அந்தத் திகதியை வைத்தே எண்களைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் திறந்துவிடலாம். பிறகு பார்ப்போம் என்றார் அலுவலகப் பொறுப்பாளர். எல்லோருக்கும் களைப்பு. சுகந்தி மட்டும் விடவில்லை.

"சனம் எங்களை நம்பித்தானே கதைச்சது. எல்லாத்தையும் திரும்பப் பூட்டுவம்."

விசைப்பலகையில் கைபடும் நேரங்களிலிருந்து எண் எடுக்கும்படி நிரலை மாற்றினார். வருகிறவர்களையே தட்டச் சொன்னார். வெருகலிலிருந்து வந்த ஒரு தாய், மகனின் பெயரைத் தவிர வேறொன்றும் அடிக்க மாட்டேன் என்றார். எழுத்தைத் தேடித் தேடித் திரும்பத் திரும்ப அதே பெயர். ஒரே பெயரில் என்ன புது எண் வரப்போகிறது என்று எரிச்சலோடு கேட்டேன்.

"என்னத்தை அடிக்கிறா எண்டது தேவையில்லை. எழுத்துக்கு எழுத்து எவ்வளவு நேரம் நிக்கிறா எண்டதைத்தான் எடுக்கிறன். அதை ஒருத்தராலயும் ஊகிக்க ஏலாது" என்றார் சுகந்தி. அந்தத் தாய் போதுமென்று கையை எடுக்கும் வரை காத்திருந்தார்.

பிறகு ஆயுதத்தோடு வந்தவர்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவிகள் வேறிடத்தில் இருந்தன. ஆனாலும் பூட்டு தாங்குமா என்பது யாருக்குத் தெரியும்? மாதக்கணக்கில் பயத்தோடு இருந்தோம். சுகந்தி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். வெருகல் பக்கத்திலிருந்து மூதூர் லோஞ்சுப் படகில் வந்திறங்கும் ஆட்களிடமெல்லாம் அந்தத் தாயைப் பற்றி விசாரிப்பார்.

அந்தக் காத்திருப்பு முடிந்த நாளைத்தான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன். ஒரு மத்தியானம் அந்தத் தாயே படியேறி வந்தார். யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தார்களா என்று சுகந்தி கேட்டார்.

"என்னைத் தேடி ஒருத்தரும் வரேல்லப் பிள்ளை. மகனும் வரேல்ல."

சுகந்தி முகத்தைத் துடைத்தார். கதிரையை இழுத்துப் போட்டார். பழைய வாக்குமூலம் கணினியோடு போய்விட்டது என்பதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சொன்னார். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் களைத்திருந்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கோ அம்மா" என்றார்.