தலை தீபாவளிக்குப் போன பெட்டிகள்

அக்காவின் தலை தீபாவளியன்று, சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் அத்திம்பேர் என் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கேட்டார்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவை இரண்டும் இடுப்பளவு உயரத்தில் நின்றன. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பிளைவுட் வாங்கி, நானே அறுத்து, உள்ளே இலவம்பஞ்சு அடைத்துச் செய்தவை. பேச்சு, பாட்டு, மிருதங்கம் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வரும். தொண்ணூறுகளில் எனக்கு வேறு சொத்து கிடையாது, வேறு ஆசையும் கிடையாது.

"சும்மாதானே கிடக்கறது? நான் புதுசா ஹோம் தியேட்டர் வாங்கிருக்கேன். அதோட சப்வூஃபருக்கு முழக்கமே போறலை. பதிலா இதை வெச்சா இடி விழுந்தாப்ல இருக்கும், கேட்டியா?" என்றார்.

சும்மா கிடக்கிறதாம்! அன்று விடிகாலையில் அதில்தான் நாதஸ்வரம் போட்டு வீட்டையே எழுப்பியிருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "மாப்ளை வாய்விட்டுக் கேட்டுட்டார். எடுத்துண்டு போகட்டும்" என்றார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் எங்கள் தெருவில் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. வேஷ்டி, மோதிரம், அதோடு என் பெட்டிகளும் போயின.

போதாக்குறைக்கு, பூஜப்புரையில் அவர் வீட்டுக்குப் போய் அவற்றை மாட்டிக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். என் பழைய ஆம்ப்ளிஃபயரையும் பிடுங்கிக்கொண்டார். ஹோம் தியேட்டரிலிருந்து தாழ்ந்த ஒலியை மட்டும் அதற்குக் கொடுத்து, அங்கிருந்து இரண்டு பெட்டிகளுக்கும் வயர் இழுத்தேன். எல்லாம் பாடத் தெரிந்த பெட்டிகளுக்கு இனி குண்டு வெடிக்கிற வேலை மட்டும். அத்திம்பேர் சோபாவில் படுத்துக்கொண்டு, "எடா, வேகம் ஆகட்டும்" என்றார்.

கை தவறிச் செய்தேன் என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். வயரில் இரண்டு இழை. ஒன்றில் கோடு போட்டிருக்கும். கோடு போட்டது பெட்டிக்குப் பின்னாலுள்ள சிவப்புத் திருகுக்கு, மற்றது கறுப்புக்கு. ஒரு பெட்டிக்கு ஒழுங்காகக் கொடுத்தேன். இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். முழக்கம் இரண்டுக்கும் நடுவில் செத்துப்போகும். பெட்டிகளைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டுக் காப்பி குடித்தேன். அந்தக் காப்பியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சிநேகிதர்களைக் கூட்டி வைத்து யுத்தப் படம் போட்டார். குண்டு விழுந்தது. பிஸ்கட் டின் மூடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் மரியாதையாக முறுக்கு தின்றார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு மெக்கானிக் வந்தார். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கேட்டார், பிரமாதம். இதைக் கழற்றிவிட்டு அதைக் கேட்டார், அதுவும் பிரமாதம். வயர்களை முன்பு இருந்தபடியே மாட்டிவிட்டு, அறையில்தான் ஏதோ தோஷம் என்று சொல்லிப் போய்விட்டார். அத்திம்பேர் திரைச்சீலையை மாற்றினார், சோபாவை நகர்த்தினார், கடைசியில் வாஸ்துக்காரரையே வரவழைத்தார். ஒவ்வொரு செய்தியும் என் காதில் தேனாக விழுந்தது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஒரு ஞாயிறு அங்கே போயிருந்தேன். படம் முடிந்ததும் அத்திம்பேர் விருந்தாளிகள் முன்னால் அக்காவைக் காட்டிச் சொன்னார்: "இவாத்துச் சீரே இப்படித்தான். பாக்க யானை, உள்ளே வெறும் பஞ்சு." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா டபராக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போய், "எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்டேன்.

"படம் போடற அன்னிக்கெல்லாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவரை அடித்ததாக நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக அக்காவை அடித்திருக்கிறேன். அத்திம்பேர் விருந்தாளிகளை பஸ் ஏற்றிவிடப் போனதும், பெட்டியை நகர்த்தி வயரைச் சரியாக மாற்றி மாட்டினேன். நிமிர்ந்தால் அக்கா நிற்கிறாள்.

"அக்கா, தப்பு என்னோடது. வேணும்னேதான் மாத்தி மாட்டினேன்."

"தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டறவ நான்தானே? ஒண்ணுல கோடு சிவப்புல, இன்னொண்ணுல கறுப்புல. அறியாமப் பண்றவனா நீ?"

"பின்னே ஏன் சொல்லலை?"

"தீபாவளியன்னிக்கு நீ பேசாம எழுந்து உள்ளே போனதைப் பார்த்தேன். மொதல்ல உனக்காக விட்டேன். இப்போ எனக்காக. அவர் என்னைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கோட்டை நெனைச்சுப்பேன். அதையும் எடுத்துண்டு போயிடாதே."

வாசல் கேட் கிறீச்சிட்டது. அக்கா குந்தி உட்கார்ந்து, நான் மாட்டின வயரைப் பிடுங்கி, பழையபடி மாற்றிச் செருகி, திருகை என்னைவிட இறுக்கமாக முறுக்கினாள். பெட்டியை முழங்காலால் சுவரோடு தள்ளினாள்.

அத்திம்பேர் வந்து ரிமோட்டை எடுத்தார். "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அக்கா சோபாவில் உட்கார்ந்தாள்.

"போடுங்கோன்னா. நாங்களும் கேக்கறோம்."