ஆறு மணி விசில்

ஆம்பூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து கோதண்டபாணி வீடு எதுவென்று கேட்டால், "பெருமாள் காப்பாத்தின ஆளா? நேராப் போங்க, முருங்கை மரம் தெரியும்" என்று கை காட்டுவார்கள். புது வண்டி எடுத்தவர்கள் முதலில் சாவியை அவர் கையில் கொடுத்து வாங்கிப் போவார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்கள் ஹால் டிக்கெட்டை நீட்டுவார்கள். அவரும் வேறு வழியில்லாமல் தொட்டுக் கொடுப்பார். ஷூ கம்பெனி வாசலில் நின்று வர்றவர் போறவர் பையைத் தடவிப் பார்க்கிற செக்யூரிட்டிக்கு இந்த மரியாதை ஜாஸ்திதான். அது அவருக்கே தெரியும்.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில் வேலை பார்த்தார். கழிவுத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் படிகிற சேற்றை மாசம் ஒரு தடவை இறங்கி வழிக்க வேண்டும். யாரும் ஆசைப்பட்டு இறங்குகிற இடம் இல்லை அது, அதனால் முறை போட்டு இறங்குவார்கள். அந்த மார்கழியில் கோதண்டபாணியின் முறை வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கூட்டாளி ஆபித் பாஷாவிடம், பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கிறார்கள், போய்விட்டு வருகிறேன், என் முறையை நீ பார்த்துக்கொள் பாய் என்றார். பாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுநாள் தொட்டிக்குள் இறங்கினவர் விஷவாயுவில் மயங்கி விழுந்தார், ஏறவே இல்லை. தெரு அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது: பாய் பாவம், பாணியைப் பெருமாள் காப்பாத்திட்டாரு.

பெருமாளுக்கு இதில் சம்பந்தமே கிடையாது. கோதண்டபாணி பள்ளிகொண்டா பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வீட்டிலேதான் படுத்திருந்தார். மனைவி அமிர்தவள்ளி தங்கச்சி பிரசவத்துக்கு ஆற்காடு போயிருந்தார், கேட்க ஆளில்லை, வெளியே பனி கொட்டியது, தொட்டியை நினைத்தாலே குமட்டியது. போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அந்த அற்புதம்.

இதைச் சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். பாயின் மனைவி அக்தரி பேகம், இவர் பாபி என்று கூப்பிடுகிற அண்ணி, ரெண்டு தெரு தள்ளி வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்தோலுக்குக் கைத்தையல் போடுகிறவர். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று கோதண்டபாணி கிளம்புவார். ஒவ்வொரு வருஷமும் ஏகாதசிக்கு முந்தின நாள் அந்த அம்மாவே ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துவிடுவார். உங்க சாமி உங்களையாவது விட்டுவெச்சுதே அண்ணா, கோயில்ல என் பேர்லயும் வைங்க என்பார். அதைச் சாமிக்கு வைக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. தெருமுனையில் நிற்கிற பசு வருஷத்துக்கு ஒரு சீப்பு தின்று நன்றாகத்தான் இருந்தது.

இதோடு போயிருந்தால் அவரும் மற்றவர்களைப் போல மறந்து தொலைத்திருப்பார். ஆனால் ஒரு விசில் அவரை விடவில்லை.

பாய் உயிரோடு இருந்தபோது காலை ஆறு மணிக்குச் சைக்கிளை வாசல் கேட் ஓரம் நிறுத்தி ஒரு விசில் அடிப்பார். ரெண்டு இழுப்பு. முதல் இழுப்பு மேலே ஏறும், ரெண்டாவது சறுக்கி இறங்கும். உடனே கோதண்டபாணி சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடுவார். பாய் செத்த மறு வருஷம், ஐப்பசி கடைசியில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்பக்கத் தோட்டத்திலிருந்து அதே விசில் வந்தது. அதே ரெண்டு இழுப்பு, அதே ஆறு மணி. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வாசலுக்கு ஓடிக் கேட்டைத் திறந்துவிட்டார். தெருவில் நாய்கூட இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கும் அடித்தது. தெருப் பசங்கள்தான் வம்பு பண்ணுகிறார்கள் என்று தானே சொல்லிக்கொண்டு, மறுநாள் ஒரு வாளித் தண்ணீரை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். அந்தப் பக்கம் போன கேபிள்காரர் முழுசாக நனைந்தார். அவர் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, முடித்ததும் முருங்கைக்குப் பின்னாலிருந்து விசில் இன்னொரு தடவை அடித்தது. அன்றைக்குத்தான் இது பசங்கள் வேலை இல்லை என்று கோதண்டபாணிக்கு உறைத்தது.

பேய் என்றால் பயந்து ஓடலாம். பாய் என்றால் எங்கே ஓடுவது? பசியாக வந்திருப்பாரோ என்று தோன்றியது. நம்ம வீட்டில் செத்தவர்களுக்கு ஒரு உருண்டை சோற்றைக் காக்காவுக்கு வைத்தால் கடமை முடிந்தது. பாய்க்கு எதை வைப்பது, யார் வந்து எடுப்பது? ஒரு மாசம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கம்பெனி விட்டு வரும்போது பிரியாணிப் பொட்டலம் ஒன்று வாங்கினார். கத்திரிக்காயோடுதான், பாய்க்கு அது இல்லாமல் இறங்காது. கொய்யா மரத்தடியில் இலையோடு வைத்தார்.

வைத்தது மார்கழி மாசம். அமிர்தவள்ளி அந்த மாசம் முழுக்க முட்டையைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிறவர். பூனை ஒன்று எலும்பை இழுத்து வந்து துளசி மாடத்தில் போட்டதும் விசாரணை தொடங்கியது. யாருக்கு என்று கேட்டார். குருவிக்கு என்றார் கோதண்டபாணி.

"இன்னா குருவி அது, பிரியாணி துன்னுது? தால்சா வேணுமான்னு கேட்டியா?"

மறுநாள் பார்த்தால் அந்தச் சோற்றில் எறும்பும் பூச்சியும் மொய்த்துக் கிடந்தன. சருகுக்குள்ளிருந்து ஒன்று தத்தித் தத்தி வந்தது. காடை அளவு உடம்பு. தையல்காரர் மிச்சம் விழுந்த துணியை எல்லாம் வீணாக்காமல் தைத்துவிட்ட மாதிரி பச்சை முதுகு, நீலத் தோள், வால் அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பிரியாணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரியாணிக்கு வந்த பூச்சிகளைத் தின்றது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்துப் பாயின் விசிலை அடித்தது.

கம்பெனி ஆபீஸில் இருக்கும் சௌமியா போனில் தேடிப் பார்த்து, அது ஆறுமணிக் குருவி சார், குளிருக்கு வடக்கேயிருந்து வந்து பங்குனியில் திரும்பிவிடும், இருட்டு பிரியும்போதும் கூடும்போதும் கத்தும், புழு பூச்சிதான் தின்னும் என்று விவரமாகச் சொன்னார். கோதண்டபாணி நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். குருவிதான் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் அல்லவா? போகவில்லை. வடக்கேயிருந்து அத்தனை தூரம் பறந்து வருகிற குருவிக்கு இறங்க இந்த ஒரு தோட்டம்தான் கிடைத்ததா?

அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் அவர் அதற்கு வேலைக்காரர். சருகை யாரும் கூட்டக் கூடாது. மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்து வைப்பார், புழு மேலே வருவதற்கு. அகலமான மண்தட்டில் கேன் தண்ணீர் ஊற்றுவார். ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு, மனுஷனே குடிப்பதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி பிரியாணி வைப்பதை மட்டும் விடவில்லை. பூச்சி வரட்டும் என்று வைப்பதாக அமிர்தவள்ளியிடம் சொன்னார். அவரும் பாயின் விசிலை வருஷக்கணக்காகக் கேட்டவர்தான், நம்பவில்லை. ஆறு மணிக்குச் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விசில் அடிக்கும். அவர் உதடு ஒரு தடவை குவியும், பதிலுக்கு அடிக்காது.

இந்தத் தை மாசம் ரேஷன் கடை வரிசையில் அமிர்தவள்ளி அக்தரி பேகத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எங்க வீட்டுக்காரரு உங்க வீட்டுக்காரருக்குப் பிரியாணி வெச்சிட்டு ஜன்னல்ல நின்னுக்குறாரு, நீங்களாவது வந்து சொல்லுங்க என்று.

அன்றைக்கே சாயங்காலம் அக்தரி பேகம் நேராகப் பின்பக்கத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்தார். மவுத்தானவங்க குருவியா எல்லாம் வர மாட்டாங்க அண்ணா, எங்கள்ல அப்படிக் கிடையாது, நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க, சோத்தை மண்ணுல போடுறது பாவம் இல்லையா என்று வரிசையாகக் கேட்டார். அமிர்தவள்ளி டீ போட உள்ளே போனார். அந்த அம்மா கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து, அடுத்த கேள்விக்கு மூச்சு இழுத்தார்.

மணி ஆறு. குருவி அடித்தது.

அக்தரி பேகம் கேள்வியை விட்டுவிட்டார். சருகுப் பக்கமே பார்த்துக்கொண்டு, இதுதானா என்று கேட்டார்.

"இதேதான் பாபி. பாய் அடிக்கிறது இப்படித்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ள விசில் அடிக்கக் கூடாதுன்னு அவங்க அம்மா சொல்லுவாங்க. பத்தொன்பது வருஷம் கூட இருந்தேன், ஒரு நாள்கூட எங்கிட்ட அடிச்சதில்ல."

இன்னொரு தடவை அடித்தது. அந்த அம்மா ஒரு விரலைத் தூக்கினார், யாரும் பேசாதீங்க என்கிற மாதிரி. அந்த முகத்தைப் பார்த்தார் கோதண்டபாணி. இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. இவ்வளவு வருஷம் நெஞ்சில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெரிய பேச்சு எதுவும் வரவில்லை.

"நான் பள்ளிகொண்டா போகல பாபி. வீட்ல படுத்துத் தூங்கினேன். குளிருக்கு."

அக்தரி பேகம் தூக்கின விரலை மடக்கினார்.

"பாய் வந்தாரு. நான் ஊர்ல இருக்க மாட்டேன்னு சொல்லியிருந்தும், அன்னிக்குக் காலையில கேட் பக்கத்துல நின்னு விசில் அடிச்சாரு. முழிச்சிட்டேன். எழுந்து போகல."

"குருவியா இருந்திருக்கும்."

"இல்ல. சைக்கிள் செயின் கவர் கடகடன்னு சத்தம் கேட்டுச்சு."

"எத்தன வாட்டி அடிச்சாரு?"

"மூணு வாட்டி."

"எப்பவும் மூணா?"

"இல்ல. எப்பவும் ஒண்ணுதான்."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. யாரும் அணைக்கவில்லை.

"உங்க செருப்பு எங்க இருந்துச்சு அன்னிக்கு?"

இதை மட்டும் அவர் ஒத்திகையில் நினைத்ததே இல்லை. வாசல்படியில் இருந்தது. பாய் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்த எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் செருப்பு, ஒரு வார் கறுப்பு, ஒரு வார் பழுப்பு. ஆம்பூரில் வேறு யார் காலிலும் கிடையாது. செருப்பு இல்லாமல் எவர் பள்ளிகொண்டா வரைக்கும் போவார்? தோல் ஊர்க்காரர் ஒருத்தர் கேட் பக்கத்தில் நின்றால் முதலில் எதைப் பார்ப்பார்?

"வாசல்லதான் பாபி."

"அப்ப நீங்க உள்ள இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியும்," என்றார் அக்தரி பேகம். "தெரிஞ்சுதான் போனாரு."

ஏழு வருஷமாகக் கோதண்டபாணியைத் துரத்தின பாய் ஏமாந்துபோன பாய். அந்தக் கணத்திலிருந்து வேறொரு பாய் கேட்டில் நின்றார். செருப்பைப் பார்த்து, மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்து, தூங்கட்டும் விடு என்று சைக்கிளை மிதித்துப் போன பாய். ஏமாந்த ஆளின் கோபத்துக்காவது பிரியாணி வைக்கலாம். இந்தப் பாய்க்கு எதை வைப்பது?

அக்தரி பேகம் எழுந்து புர்காவில் ஒட்டின சருகைத் தட்டிவிட்டார். இனிமே எங்க வீட்டு வாசல் ஏறாதீங்க என்றார். குரல் ஏறவே இல்லை. கேட்டுப் பக்கம் நாலு அடி போய் நின்று, நாளைக் காலையில ஆறு மணிக்கு நான் வருவேன், பின்கதவு திறந்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமையலறை வாசலில் அமிர்தவள்ளி நின்றிருந்தார். கையில் டீ இல்லை, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ரெண்டு நாள் கழித்து ஒருத்தர் புது வண்டிச் சாவியோடு வந்தபோது அமிர்தவள்ளியே குறுக்கே நின்று, அவரு கையில ஒண்ணும் கிடையாதுப்பா, கோயிலுக்கு எடுத்துட்டுப் போ என்று அனுப்பிவைத்தார். அப்புறம் தெரு முழுக்கத் தெரிந்துபோனது. பெருமாள் காப்பாத்தின ஆளை யாரும் தேடி வரவில்லை. சிலர் எதிரே பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

அக்தரி பேகம் சொன்னபடி வந்தார். தை போய் மாசி வந்தது, ஒரு நாள் தவறவில்லை. தையல் பையை மடியில் வைத்துக்கொண்டு வாளி மேல் உட்காருவார். மேல்தோல் ஓரத்தில் ஊசி ஏறி இறங்கும். விசில் அடிக்கிறபோது ஊசி நடுவழியில் நிற்கும். ரெண்டாவது, மூணாவது என்று உதடு எண்ணும். அமிர்தவள்ளியோடு மட்டும் ரெண்டு வார்த்தை பேசுவார். கோதண்டபாணி புழுவுக்கு மண்ணைக் கிளறித் தண்ணீர்த் தட்டை நிரப்பிவிட்டு உள்ளே வந்து ஜன்னலில் நிற்பார். அவர் நிற்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்ததில்லை.

பங்குனி பாதியில் ஒரு காலை விசில் இல்லை. மறுநாளும் இல்லை. மூணாம் நாள் வெயில் மதில் ஏறுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அக்தரி பேகம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு பாபி. ஐப்பசியிலதான் இனி."

அந்த அம்மா ஊசியை நூல்கண்டில் குத்திப் பையில் போட்டார். போகப் போனவர் நின்றார்.

"எங்க வீட்ல இப்பவும் கேக்குது அண்ணா. நேத்து அடிச்சுது. இன்னிக்கு இங்க வர்றதுக்குக் கிளம்பும்போதும், கதவுக்கு வெளிய. மூணு வாட்டி." கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு?" என்று கேட்டார்.

கோதண்டபாணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காதைத் தீட்டிப் பார்த்தார். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியது.

"இல்ல பாபி," என்றார். "எனக்குக் கேக்கல."